கும்பிடுபூச்சிக் குஞ்சுகளுக்குத் தீனி கிடைத்த வழி

செம்பருத்திக் குச்சியில் ஒட்டியிருந்த முட்டைக்கூட்டிலிருந்து கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் ஒரே காலையில் கொத்தாக இறங்கின. கொசு அளவுதான், இறக்கை கிடையாது. முதல் நாள் எதையும் பெரிதாகத் தின்னவில்லை. அப்புறம் பசி வந்ததும் ஒன்றையொன்று பிடிக்க ஆரம்பித்துவிட்டன.

வீட்டு ஈ இவற்றுக்கு ரொம்பப் பெரிது. எறும்பைப் போடவே கூடாது. குஞ்சையே இழுத்துக்கொண்டு போய்விடும். தோதான தீனி பழ ஈதான். அளிந்த வாழைப்பழத்தைப் பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தேன். ஈக்கள் மொய்த்ததும் வாயை மெல்லிய துணியால் கட்டினேன். நம்மூர் வெயிலில் 10, 12 நாளில் அடுத்த தலைமுறை பறக்கும். அதுவரை செடி மொட்டிலிருந்த அசுவினி என்ற சின்னப் பூச்சிகளைத் தூரிகையால் தட்டிப் போட்டுச் சமாளித்தேன். முட்டைக்கூடு கிடைத்த அன்றே பாட்டிலைத் தொடங்கிவிடுவது நல்லது.

பறக்கிற ஈயை எப்படி மாற்றுவது? பாட்டிலை ஃபிரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் ஈக்கள் மயங்கிக் கிடக்கும். குஞ்சுகளின் டப்பாவில் தட்டிவிடலாம்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் மூழ்கிச் சாகும். டப்பாச் சுவரில் லேசாகத் தெளித்தால் போதும், துளியைக் குடித்துக்கொள்ளும்.

தோலுரிக்கும்போது தலைகீழாகத் தொங்கும் என்பதால் மூடிக்குப் பதில் கொசுவலை கட்டினேன். கீழே குஞ்சின் உடம்பு நீளத்தைப் போல மூன்று மடங்கு காலி இடம் வேண்டும். அந்த நேரத்தில் டப்பாவை அசைக்கவோ ஈ போடவோ கூடாது.

கொஞ்சம் வளர்ந்ததும் ஆளுக்கொரு டப்பா. மிச்சத்தைத் தோட்டத்தில் விட்டுவிட்டேன்.