பறை பழகலாம்: முதலில் வாய், பிறகு கை

பறை தோல் கருவியின் பெயர்; 'பேசு' என்ற பொருளும் அதற்கு உண்டு. மலையாளத்தில் இன்றும் பேசுவதைப் 'பறயுக' என்றுதான் சொல்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவர் இதைப் பிடித்துக்கொண்டாலே போதும். வாயில் வராத அடி கையிலும் வராது. அதனால் குச்சியை ஓரமாக வையுங்கள்.

1. சொற்கட்டு

மூன்றே சொற்கள்: 'த' இடது கை, 'கு' வலது கை, 'தீம்' இரண்டு கையும் ஒன்றாக. தொடையில் தட்டிக்கொண்டே "தீம் த கு, தீம் த கு" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே இடைவெளி. ஐந்து நிமிடம் வேகம் கூடாமல் சொல்ல முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். எளிதாகத் தெரியும். எனக்கு மூன்றாவது நாள்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் இரண்டாவது நிமிடத்திலேயே ஓட ஆரம்பித்துவிடுவேன்.

2. காய்ச்சுதல்

மரச் சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் தோல் ஒட்டியிருக்கும். குளிரிலும் ஈரத்திலும் தோல் தளர்ந்து 'தொப் தொப்' என்று சத்தம் வரும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, தீ தொடாத தூரத்தில் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் தோல் கருகிவிடும். நடுநடுவே விரலால் சுண்டிப் பாருங்கள். ஒலி கணீரென்று வந்ததும் நிறுத்திவிடலாம். ஃபைபர் முகம் போட்ட பறைக்கு இந்த வேலை இல்லை. ஆனால் காய்ச்சும்போது காதுக்குக் கிடைக்கும் பயிற்சியும் அதில் இல்லை.

3. பிடி

வலது கைக்காரர்கள் பறையை இடது தோளில் வாரால் தொங்கவிட்டு, உடம்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். இடது கையில் சிண்டுக்குச்சி: மூங்கிலில் சீவியது, நீளமானது, மெல்லியது. வலது கையில் அடிக்குச்சி: குட்டையானது, தடித்தது.

4. அடி

அடிக்குச்சி முகத்தின் நடுவில் விழுந்து உடனே எழ வேண்டும். அழுத்திப் பிடித்தால் ஒலி செத்துப்போகும். சிண்டுக்குச்சி முனையால் குத்தக் கூடாது. நீளவாக்கில் படிந்து அறைய வேண்டும். அசைவு தோளிலிருந்து அல்ல, மணிக்கட்டிலிருந்து. எல்லோருக்கும் தகராறு செய்வது இடது கைதான். தினம் பத்து நிமிடம் 'த' மட்டும் அடியுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

5. கால்

ஒவ்வொரு 'தீம்'முக்கும் ஓர் அடி வையுங்கள்: முதல் தீம் இடது கால், அடுத்தது வலது கால். பறையில் அடியும் ஆட்டமும் தனித்தனி இல்லை. கால் வந்ததும் கை குழம்பும். அப்போது கையை நிறுத்திவிட்டு, வாயும் காலும் மட்டும் போகட்டும்.

வீட்டில் பழக ஆரம்பித்தால் "சாவு மேளத்தை ஏன் உள்ளே கொண்டுவந்தாய்" என்று யாராவது கேட்கலாம். என்னிடமும் கேட்டார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது; குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் பெயர் தருகிறார்கள். உழைப்புக்கும் விழாவுக்கும் முழங்கிய கருவியைச் சாவோடு மட்டும் கட்டி, அடிப்பவரைத் தள்ளி வைத்தது சாதி. அந்த இழிவை மறுத்து, பறையை உரிமைக் குரலாக்கியவர்கள் தலித் கலைஞர்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை அடித்து ஆடுகிறார்கள். மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சரி, மூன்று சொல்லும் கைக்கு வந்துவிட்டால் ஓர் ஆசானைத் தேடிப் போங்கள். அவர் அடிக்கும்போது பலரும் வலது கையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் சிண்டுக்குச்சியைப் பாருங்கள்.