ரைசனில் ராமையும் ஃபேப்ரிக்கையும் ஒன்றுக்கு ஒன்று ஓட்டுவது எப்படி

ரைசன் 5 5600 மாதிரி ப்ராசஸர் வைத்துக்கொண்டு 4000 வேக டிடிஆர்4 ராம் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களா? வேண்டாம், 3600 போதும்.

பெட்டியில் போட்டிருக்கிற 3600 நிஜ கிளாக் இல்லை. டிடிஆர் ராம் ஒரு கிளாக்குக்கு இரண்டு முறை டேட்டா அனுப்பும், அதனால் நிஜ வேகம் பாதிதான், 1800 மெகாஹெர்ட்ஸ். ப்ராசஸருக்குள் கோர்களையும் மெமரி கன்ட்ரோலரையும் இணைக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் (பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது போகிற செட்டிங் திரையில், இதன் பெயர் எஃப்சிஎல்கே) அதே 1800-இல் ஓடினால் ஒன்றுக்கு ஒன்று, காத்திருப்பு குறைவு. 4000 ராமுக்கு ஃபேப்ரிக் 2000 போக வேண்டும், பெரும்பாலான 5000 வரிசை சிப்கள் அவ்வளவு தூரம் போகாது. போகாதபோது மெமரி கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கித்தான் ஓட்ட வேண்டும், காசு கூடக் கொடுத்து கேமில் மெதுவாகப் போவதுதான் மிச்சம்.

இரண்டு ராம் என்றால் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி (ராமைப் பெட்டியில் போட்டிருக்கிற வேகத்துக்குக் கொண்டுவருகிற செட்டிங், போர்டைப் பொறுத்துப் பெயர் மாறும்) ஆன் செய்யுங்கள், இதைச் செய்யாமல் 3600 ராமை 2133-லோ 2666-லோ ஓட்டிக்கொண்டிருப்பவர்கள்தான் நிறைய. அப்புறம் எஃப்சிஎல்கேயை ஆட்டோவில் விடாமல் 1800 என்று நீங்களே கொடுங்கள். ராம் வோல்டேஜ் பெரும்பாலும் 1.35, எக்ஸ்எம்பியே போட்டுவிடும். எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் பக்கத்துக்குப் போவது) 1.1 போதும், 1.2-க்கு மேல் ஏற்றாதீர்கள். விண்டோஸுக்குள் வந்ததும் ஜென்டைமிங்ஸ் என்கிற சாஃப்ட்வேரில் எம்சிஎல்கே (ராம்), எஃப்சிஎல்கே (ஃபேப்ரிக்), யுசிஎல்கே (மெமரி கன்ட்ரோலர்) மூன்றும் ஒரே எண்ணா என்று பாருங்கள், யுசிஎல்கே மட்டும் 900 என்று காட்டினால் ஒன்றுக்கு ஒன்று உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 (ராமைச் சோதிக்கிற சாஃப்ட்வேர்) போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள், வேகத்தை ஒரு படி இறக்குங்கள். மெம்டெஸ்ட் பாஸ் ஆகியும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ (ஹார்ட்வேர் பிழை) எச்சரிக்கை வரிசையாக விழுந்தால் முதலில் ஃபேப்ரிக்கைச் சந்தேகப்படுங்கள், 1800-ஐ 1733-க்கு இறக்கி ராமையும் 3466 ஆக்குங்கள்.

இப்போது நம்ம ஊர் விஷயம். ஊட்டி, குன்னூர் குளிரில் எதை வேண்டுமானாலும் ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பண்ணலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, பாதிதான் உண்மை. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிசு, அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிக்கொண்டு போகிற சூடு கொஞ்சம் குறைவுதான். இன்னொன்று, ராம் சூடாக ஆகத்தான் எரர் விடும், ஜனவரி உறைபனி ராத்திரியில் பாஸ் ஆன செட்டிங் ஏப்ரல் மதியத்தில் தடுமாறலாம், கோவை ஹாஸ்டலுக்கு அதே பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் அங்கே போனதும் மறுபடி டெஸ்ட் பண்ணியே ஆக வேண்டும். ஆடி மாதக் காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊரில் யுபிஎஸ் இல்லாமல் பயாஸ் அப்டேட் மட்டும் பண்ணாதீர்கள், பாதியில் நின்றால் போர்டே போய்விடலாம்.

திரையே வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் இருக்கிற வட்ட பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் போட்டால் எல்லாம் பழைய செட்டிங்குக்கு வந்துவிடும்.