அடுப்பில் வைக்கும் வாசனைக் கலவை: பரிசாகக் கொடுக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடிபூரலுக்கோ நத்தாருக்கோ பொங்கலுக்கோ கடையில் வாங்கிய பொருளைக் கொடுக்காமல் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு, தண்ணீரில் இட்டு அடுப்பில் மெல்லச் சூடாக்கினால் வீடு முழுவதும் மணக்கும் உலர்ந்த வாசனைக் கலவை நல்லதொரு தெரிவாகும். கறுவா, கராம்பு, ஏலக்காய், சாதிக்காய், தோடம்பழத் தோல், வெட்டிவேர் என வேண்டியவை பெரும்பாலும் யாழ்ப்பாணத்தின் திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகச் சந்தையிலோ கிடைத்துவிடும். செய்முறையும் எளிது. ஆனால் நமக்காக நம்முடைய குசினியில் இதைச் செய்யும்போது பக்கத்தில் நாமே நிற்கிறோம். தண்ணீர் குறைந்தால் ஊற்றுகிறோம், மணம் கூடினால் அணைக்கிறோம். பரிசாகக் கொடுத்த போத்தல் நாம் இல்லாத ஒரு குசினியில், இதை முன்பின் செய்து பழகாத ஒருவருடைய கையால் திறக்கப்படுகிறது. இதில் நேரும் தவறுகளிற் பெரும்பாலானவை அந்த வேறுபாட்டை மறந்துவிடுவதாலேயே நேர்கின்றன.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு, முழுமையாகக் காயாத பழத்தோலைப் போத்தலில் அடைப்பது. நான் இதை அனுபவித்தே கற்றேன். ஒரு மார்கழி மாதத்தில் ஆறு போத்தல்கள் செய்தேன். வட்டமாக வெட்டிய தோடம்பழத் துண்டுகள் கண்ணாடிக்குள் மிக அழகாகத் தெரிந்தன. ஓரங்கள் மொறுமொறுப்பாக இருந்ததால் காய்ந்துவிட்டன என்று நம்பி மூடிவிட்டேன். மூன்றாம் நாள் போத்தலின் உட்புறத்தில் மூச்சு பட்டதுபோல ஒரு மெல்லிய மூட்டம் தெரிந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. பத்து நாளைக்குள் துண்டுகளின் நடுச்சதையில் சாம்பலும் பச்சையும் கலந்த பூஞ்சணம் பஞ்சுபோல எழும்பியிருந்தது. அதற்குள் இரண்டு போத்தல்களைக் கொடுத்தும் விட்டேன்; தொலைபேசியில் அழைத்து, திறக்காமல் எறிந்துவிடும்படி கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பழத்தின் ஓரம் சீக்கிரம் காயும். சதையில் உள்ள சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூடிய போத்தலில் அந்த ஈரம் மெல்ல வெளியேறி, காய்ந்திருந்த மற்றப் பொருள்களையும் நனைத்துவிடும். இதனோடு நம்முடைய காலநிலையும் சேர்ந்துகொள்கிறது. யாழ்ப்பாணத்துக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது; நத்தாருக்கும் பொங்கலுக்கும் பரிசு செய்ய நாம் உட்காரும் நாட்களும் அவைதான். அப்போது வெயிலும் போதாது, காற்றும் ஈரமாக இருக்கும். சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில், ஒரு மெல்லிய துணியால் மூடிய சுளகில் தோலைப் பரப்பிக் காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் எடுத்து வைத்துவிடுவதே என்னுடைய இப்போதைய வழக்கம். மாரியில் செய்தே ஆகவேண்டுமென்றால், வட்டங்களை விட்டுவிட்டுத் தோலை மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பானது. மணத்தைத் தரும் எண்ணெய், தோலின் வெளிப்புறத்து நிறமுள்ள படையிலுள்ள நுண்ணிய பைகளில்தான் இருக்கிறது; உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி மணத்துக்கு உதவாமல் ஈரத்தை மட்டும் வைத்திருக்கும். ஆகவே அதைக் கத்தியால் வழித்தெடுத்துவிடலாம்.

காய்ந்ததா என்பதைத் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. தோலை மடக்கினால் வளையாமல் சட்டென்று முறியவேண்டும். வீட்டில் சிறிய இலத்திரனியல் தராசு இருந்தால், இன்று நிறுத்த தோலை இன்னொரு நாள் வெயிலில் வைத்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைந்திருந்தால் ஈரம் இன்னமும் இருக்கிறது என்று பொருள். அதன் பின்னும் ஒரு போத்தலில் தளர்வாக இட்டு ஒரு கிழமை வைத்து, நாளுக்கொரு முறை குலுக்கிப் பார்க்கவேண்டும். கண்ணாடியில் மூட்டம் படிந்தால் மறுபடியும் வெயிலுக்குத்தான் போகவேண்டும்.

இலைகளுக்கு இந்த வெயில் ஆகாது. எலுமிச்சம்புல்லையும் துளசியையும் நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் காயவைத்தால் நிறமும் மணமும் ஓரளவு நிற்கும்.

பூக்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பச்சையாக இருக்கும்போது நன்றாக மணப்பதெல்லாம் காய்ந்த பின்னும் மணக்கும் என்று எண்ணி, மல்லிகையைக் கூடை கூடையாக வாங்கிக் காயவைக்கிறார்கள். மல்லிகையின் மணம் பூ உயிரோடு விரியும்போது வெளிப்படுவது. காய்ந்ததும் வைக்கோலின் மணமே மிஞ்சும். ரோசா இதழும் நிறத்துக்கு உதவுமே தவிர அடுப்பில் அவ்வளவாக மணம் தராது. நம் கோயில்களின் சுற்றாடலில் உதிர்ந்து கிடக்கும் மகிழம்பூ இதற்கு விலக்கு. அது காய்ந்து பழுப்பு நிறமான பின்னும் நெடுநாள் மணக்கும். கறுவாவோடும் வெட்டிவேரோடும் நன்றாகச் சேரும். கையிலெடுத்துப் பார்த்தால் சிறிய நட்சத்திரம்போல இருக்கும் அந்தப் பூவைப் போன்ற பொருத்தமான உள்ளூர்ச் சேர்மானம் வேறொன்று எனக்குத் தெரியாது. இரம்பை இலையின் நிலை மல்லிகையைப் போன்றதுதான்: காய்ந்தால் மணம் பெரும்பாலும் போய்விடும். ஆகையால் அதைப் போத்தலில் அடைப்பதைவிட, அடுப்பில் வைக்கும் நேரத்தில் பச்சை இரம்பை ஒரு துண்டு சேர்க்கும்படி குறிப்பில் எழுதிவிடலாம்.

அழகுக்காக முற்றத்துப் பூக்களைச் சேர்க்கும்போது அலரியையும் மஞ்சள் அலரியையும் முற்றாக விலக்கவேண்டும். அவற்றின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை உடையவை. மருந்து தெளிக்கப்பட்ட பூக்களும், எங்கிருந்து வந்தன என்று தெரியாத அலங்காரப் பூக்களும் வேண்டாம்.

கற்பூரமும் சாம்பிராணியும் நம் வீடுகளில் மணத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்தவை என்பதால் அவற்றையும் சேர்த்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. சேர்க்கக் கூடாது. கற்பூரம் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவியும் எரிவாயு அடுப்பின் சுவாலையும் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பது நல்லதல்ல. குழந்தைகள் அதை விழுங்கினால் வலிப்பு ஏற்படக்கூடும். சாம்பிராணி மரப்பிசின், அது தணலில் புகைவதற்கு உரியது, தண்ணீரில் கரையாது. சூட்டில் இளகிச் சட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும், அதைப் பின்னர் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

சரக்குகளை இடித்துத் தூளாக்கிக் கொடுப்பதும் தவறு. தூளின் மணம் போத்தலிலேயே நாளாக ஆகக் குறைந்துபோகும். சட்டியில் இட்டால் அடியில் படிந்து தீயும். கறுவாவை விரல் நீளத் துண்டுகளாகவும், கராம்பையும் ஏலக்காயையும் முழுதாகவும் இடுங்கள். இலங்கைக் கறுவா மெல்லிய பல படைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டது, எளிதில் நொறுங்கும். ஒரே தடித்த பட்டையாகச் சுருண்டிருப்பது வேறு இனம், அதன் மணம் சற்றுக் கூர்மையானது. எதைப் பயன்படுத்தினாலும் கேடில்லை, ஆனால் இரண்டுக்கும் அளவு ஒன்றல்ல. கராம்பின் அளவில் கவனமாக இருக்கவேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு எட்டுக் கராம்பு போதும். ஒரு பிடி இட்டால் வீடு பல்வலி மருந்துபோல மணக்கும், மற்ற எதுவும் மேலெழாது.

படை படையாக அடுக்கிய பெரிய போத்தல் பார்வைக்கு அழகானதுதான். ஆனால் அதைப் பெறுகிறவர் முதல் நாள் ஒரு கரண்டி எடுக்கும்போது மேலே இருக்கும் தோல் முழுவதும் போய்விடுகிறது. கடைசி நாள் அடியில் கிடக்கும் கராம்பு மட்டுமே மிஞ்சுகிறது. போத்தலைக் குலுக்கினாலும் சிறியவையும் கனமானவையும் கீழேயே இறங்கும். ஒரு தடவைக்கு ஒரு பொதி என்று பிரித்துக் கட்டுவதே சரியானது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு விரல் நீளக் கறுவா இரண்டு, கராம்பு எட்டு, ஏலக்காய் நான்கு, ஒரு தோடம்பழத்தின் தோல், வெட்டிவேர் ஒரு சிறு முடிச்சு என்ற அளவு நான் பலமுறை செய்து பார்த்துக் கண்டது.

பொதிகளைப் பனையோலைக் குட்டானில் வைத்துக் கொடுத்தால் அதைவிட அழகான உறை நமக்குக் கிடையாது. ஆயினும் குட்டான் காற்றை மறிக்காது; அதனால் கலவையை நேரே அதற்குள் இடாமல், இறுக மூடிய சிறு போத்தலிலோ காற்றுப்புகாத பையிலோ இட்டு அதன் பின் குட்டானில் வைக்கவேண்டும். பழைய ஊறுகாய்ப் போத்தலைக் கழுவிப் பயன்படுத்துகிறவர்கள் மூடியை முகர்ந்து பார்ப்பது நல்லது. கண்ணாடியிலிருந்து மணம் போய்விடும், மூடியின் உட்பட்டியிலிருந்து போகாது.

இனி, நம்மூருக்கே உரிய ஒரு தவறைச் சொல்லவேண்டும். மல்லி, வேர்க்கொம்பு, கறுவா, வெட்டிவேர் எல்லாம் கலந்து ஒரு பொதியைக் கொடுத்தால், யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாரும் அதைக் குடிநீர்ச் சரக்கு, அதாவது கசாயச் சரக்கு, என்றே எடுத்துக்கொள்வார்கள். எங்கள் மாமி ஒருவர் நான் கொடுத்த பொதியைத் தடிமனுக்குக் குடிநீராக அவித்துக் குடித்துவிட்டு, நல்லாயிருந்தது, ஆனால் கொஞ்சம் கசந்தது என்று சொன்னார். அந்தப் பொதியில் கேடானது எதுவும் இல்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை. இருப்பினும் கழுவாத தோலும், சாப்பாட்டுக்கென்று சுத்தம் செய்யாத பூவும் அதில் இருந்தன என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது. அன்றிலிருந்து நான் இரண்டு பழக்கங்களை விடுவதில்லை. பொதியின் முகப்பில் பெரிய எழுத்தில் ‘வாசனைக்கு மட்டும், குடிக்கக் கூடாது’ என்று எழுதுகிறேன். யாராவது தவறிக் குடித்துவிட்டாலும் ஆபத்து வராத பொருள்களையே, கழுவிச் சுத்தம் செய்து சேர்க்கிறேன். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் கொடுக்கும்போது வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குறிப்பில் வேறென்ன இருக்கவேண்டும் என்பதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ‘தண்ணீரில் இட்டுக் கொதிக்கவைக்கவும்’ என்ற ஒரு வரி போதாது. அதை வாசிக்கிறவர் தேத்தண்ணீருக்குக் கொதிக்கவைப்பதுபோல முழு நெருப்பில் தளதளவென்று கொதிக்கவிடுவார். அப்படிச் செய்தால் பழத்தோலின் மெல்லிய மணம் முதல் சில நிமிடங்களிலேயே ஆவியோடு போய்விடும், தண்ணீரும் விரைவில் வற்றும். முதலில் கொதி வந்ததும் நெருப்பை ஆகக் குறைத்து, ஓரத்தில் சிறு குமிழிகள் மட்டும் எழும்படி வைக்கவேண்டும் என்று எழுதுங்கள். கறுவாவும் கராம்பும் மணத்தை மெல்ல விடுபவை என்பதால் அவற்றை முதலில் இட்டு, தோலைப் பத்து நிமிடம் கழித்து இடச் சொல்லலாம். இதற்காகவே நான் தோலைத் தனியான சிறு பையில் வைக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரைப் பார்க்கவேண்டும், பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் சுடுதண்ணீர் ஊற்றவேண்டும், வெளியே போகும்போதும் மத்தியானம் படுக்கும்போதும் அடுப்பை அணைத்துவிடவேண்டும் என்ற மூன்றும் கட்டாயம் இருக்கவேண்டும். வாசனைச் சட்டி சோற்றுப்பானையைப்போலப் பொங்கி வழிந்து நம்மைக் கூப்பிடாது. ஓசையில்லாமல் வற்றி, தீய்ந்த பிறகே மணத்தால் தெரியவரும். மண்சட்டியில் வைக்கிறவர்கள் வற்றிய சூடான சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது வெடித்துவிடும்.

குடாநாட்டின் கிணறுகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பே. வாசனைச் சட்டியில் தண்ணீர் வற்ற வற்ற மேலும் ஊற்றிக்கொண்டே இருப்பதால் இந்தப் படிவு இன்னும் தடிப்பாகச் சேரும். வடிகட்டிய தண்ணீரோ சேகரித்த மழைநீரோ இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் நல்ல சட்டியை இதற்கு எடுக்கவேண்டாம்.

ஒரு நாள் பயன்படுத்திய தண்ணீரை மூடாமல் அடுப்பிலேயே விட்டு மறுநாளும் சூடாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய வெக்கையில் அது ஓரிரவிலேயே புளிக்கத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் ஒருமுறை பயன்படுத்தலாம், அதற்கு மேல் வாழையடியில் ஊற்றிவிடுவதே நல்லது.

மணம் போதவில்லை என்று கடையில் விற்கும் செறிந்த வாசனை எண்ணெய்களைப் பொதியில் சொட்டுவிடுவதையும் நான் ஏற்பதில்லை. பெறுகிறவர் வீட்டில் தொய்வு நோயாளர் இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம், பூனை இருக்கலாம். பூனையின் ஈரலால் இத்தகைய எண்ணெய்களிலுள்ள சில பொருள்களைச் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது. கராம்பு எண்ணெயும் அவற்றில் ஒன்று. கொடுக்குமுன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பதில் தவறில்லை. அதேபோல, ‘கிருமிகளை அழிக்கும்’, ‘நுளம்பை விரட்டும்’ என்றெல்லாம் குறிப்பில் எழுதாதீர்கள். மாரி காலத்தில் டெங்கு பரவும் ஊரில், நாம் எழுதியதை நம்பி ஒருவர் நுளம்பு வலையைக் கட்டாமல் விட்டால் அந்தப் பொறுப்பு நம்மையே சேரும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர்களுக்கு அனுப்ப நினைப்பவர்கள், பொதியைக் கட்டுமுன் அந்த நாட்டின் விதிகளைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தாவரப் பொருள்கள் அனைத்தையும் எல்லையில் அறிவிக்கவேண்டும். கறிவேப்பிலையில் தங்கும் ஒருவகைச் சிறு பூச்சி தோடை, தேசி மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புவதால், பல நாடுகள் அந்த இலையில் மிகக் கண்டிப்பாக இருக்கின்றன. அப்படிப்பட்ட பொதிகளில் நான் இலை, பூ, பழத்தோல் எதையும் வைப்பதில்லை. கறுவா, கராம்பு, ஏலக்காய் ஆகியவற்றைக் கடையில் வாங்கிய பெயர் பொறித்த பைகளிலேயே, உடைக்காமல் அனுப்பி, தோடம்பழத் தோலையும் தேசித் தோலையும் அங்கேயே பச்சையாகச் சீவிச் சேர்க்கும்படி எழுதிவிடுகிறேன்.