பழைய நேரத்துக்குத் திரும்பும்போது விடக்கூடாத பிழைகள்

கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் மென்பொருள் பழகும் பிள்ளைகளோடு இருக்கும்போதெல்லாம், தரவுத்தளத்தை (டேட்டாபேஸ்) முந்தைய ஒரு நேரத்து நிலைக்கு மீட்பதில் நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளை அவர்களும் விடுவதைப் பார்க்கிறேன். பேக்கப் எடுக்க மறப்பது, டிஸ்க் நிரம்பி நிற்பது எல்லாம் தானாகவே தெரியவரும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லா சேர்வருக்கும் ஒரே மணியைக் கொடுப்பது

இதைக் கண்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஒரு மாணவர் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில், தரவைப் பல சேர்வருக்குப் பிரித்து வைக்கும் சைட்டஸ் நீட்சியைப் போட்டு நெல் களஞ்சியக் கணக்கு ஒன்று செய்திருந்தார். கிளிநொச்சி இருப்பு ஒரு சேர்வரில், முல்லைத்தீவு இருப்பு இன்னொன்றில். தவறுதலாக ஓர் அட்டவணை அழிந்துபோக, ஒவ்வொரு சேர்வரையும் தனித்தனியே காலை 10.15க்குத் திருப்பினார். பார்த்தால், கிளிநொச்சியிலிருந்து அனுப்பிய 50 மூடை முல்லைத்தீவில் வரவாகியிருக்கிறது, கிளிநொச்சியில் கழியவே இல்லை.

“அண்ணை, எல்லாத்துக்கும் ஒரே நேரம்தானே குடுத்தனான்?”

கொடுத்ததுதான் பிழை. ஒவ்வொரு சேர்வரும் தன் கடிகாரத்தைப் பார்த்தே கொமிட் நேரத்தை (பரிமாற்றம் உறுதியாகி முடிந்த நேரத்தை) எழுதுகிறது. கிளிநொச்சிக் கடிகாரம் 2 விநாடி முந்தினால் அங்கே 10.15.01, மற்றதில் 10.14.59. ஒரே பரிமாற்றத்தில் பாதி போய்விடும், பாதி நிற்கும். நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபியைப் போட்டுக் கடிகாரங்களைச் சரிசெய்தாலும் தீராது. ஒரு பரிமாற்றத்தை முதலில் ஆயத்தம், பிறகு உறுதி என இரண்டு கட்டமாக முடிக்கும் இருகட்டக் கொமிட் எல்லா சேர்வரிலும் ஒரே கணத்தில் முடிவதில்லை. நீங்கள் வெட்டும் இடம் அந்த இடைவெளிக்குள் விழலாம். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் கொடுமை. இருப்பு எண்ணும்போதுதான் தெரியும், அதற்குள் புதுப் பதிவுகள் மேலே ஏறியிருக்கும்.

சைட்டஸில் இதற்கென்றே ‘சைட்டஸ்_கிரியேட்_ரிஸ்டோர்_பொயின்ட்’ இருக்கிறது. பல சேர்வர் பரிமாற்றங்களின் கொமிட்டைச் சற்று நிறுத்திவைத்து, எல்லா சேர்வரின் வோலிலும் (மாற்றங்களை வரிசையாக எழுதும் பதிவு) ஒரே பெயரில் ஒரு புள்ளி போடும். மீட்கும்போது நேரத்தைக் கொடுக்காமல் அந்தப் பெயரைக் கொடுங்கள். ஆனால் புள்ளி முன்கூட்டியே இருக்க வேண்டும். வேலைகளை நேரத்துக்குத் தானாக ஓட்டும் கிரொனில் 10 நிமிடத்துக்கு ஒன்று போட்டு வையுங்கள்.

ஒரே பெயரைத் திரும்பப் பாவிப்பது

ஒரே பெயரில் பல புள்ளிகள் இருந்தால், போஸ்ட்கிரஸ் முதலில் பொருந்தும் புள்ளியிலேயே நின்றுவிடும். பெயரில் திகதியும் நேரமும் சேருங்கள்.

தரவின் பழைய பதிப்புகள் என்றும் இருக்கும் என நம்புவது

பல சேர்வரில் ஓடும் இன்னொரு தரவுத்தளமான காக்ரோச்டிபி, முழுத் தொகுதிக்கும் பொருந்தும் ஒரே நேரமுத்திரையில் பழைய நிலையைக் காட்டும். மேலே சொன்ன தொல்லை அங்கே இல்லை. ஆனால் மென்பொருளின் 23.1 வெளியீட்டிலிருந்து, தரவின் பழைய பதிப்புகளை அது இயல்பாக 4 மணித்தியாலம்தான் வைத்திருக்கும். அதற்கும் பின்னால் போக, இடையில் நடந்த மாற்றங்களையும் சேர்த்து, திருத்த வரலாற்றோடு எடுத்த பேக்கப் வேண்டும்.

நேர வலயம்

கசான்ட்ரா என்ற தரவுத்தளத்தின் கொமிட்லொக் (மாற்றப் பதிவு) மீட்பு கேட்பது ஜிஎம்டி, அதாவது கிரீன்விச் நேரம். நம்முடைய 10.15 அங்கே 4.45.

அவசரப்பட்டுத் திறப்பது

போஸ்ட்கிரஸ் மீட்பு இலக்கை (நீங்கள் கொடுத்த புள்ளியை) அடைந்ததும் இயல்பாக இடைநிறுத்தத்தில் நிற்கும், வாசிக்க மட்டும் விடும். அந்த நேரத்திலேயே எல்லாக் களஞ்சியத்து மூடைகளையும் கூட்டிப் பாருங்கள். எழுதவும் திறந்துவிட்ட பிறகு இலக்கு பிழை என்று தெரிந்தால், அடிப்படை பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.