மலையிறங்கும்போது காதைக் காக்கும் முறை

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கோ, வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆழியாறுக்கோ இறங்கும்போது காது அடைத்து வலிப்பதற்குக் காற்றழுத்த மாற்றமே காரணம். மலையேறுகையில் நடுக்காதிலுள்ள காற்று, தொண்டையின் மேற்பகுதியோடு அதை இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் வழியாகப் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். இறங்குகையில் வெளியழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் குழல் திறந்து காற்று உள்ளே செல்லும் என்பதால் இறக்கமே அதிகத் தொல்லை தருகிறது.

ஆகவே வலி தொடங்கும்வரை காத்திராமல், இறக்கத்தின் தொடக்கத்திலிருந்தே மிட்டாயைச் சப்புவதும் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிப்பதும் நல்லது. மூக்கைப் பிடித்து வாயை மூடி மெதுவாக ஊதலாம். பலமாக ஊதினால் காதுக்குத் தீங்கு நேரும். கைக்குழந்தைக்கு விழுங்கத் தெரியுமே தவிர வலியைச் சொல்லத் தெரியாது. அதனால், வண்டியை ஓரமாக நிறுத்தியேனும் பாலூட்டுவது மிக அவசியம் என்று கருதுகிறேன்.

கோவையில் விமானம் தரையிறங்கும்போதும் இதே முறை பொருந்தும். அப்போது தூங்காமல் விழித்திருப்பது நல்லது. கடும் சளி இருந்தால் குழல் வீங்கி அடைபட்டிருக்கும் என்பதால், இயன்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். காதில் இரத்தமோ நீரோ வடிந்தாலும், தலைசுற்றினாலும், கேட்கும் திறன் குறைந்தாலும் எண்ணெய் ஊற்றாமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.