பழைய கீசரைக் கழற்றச் சொல்லும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் ஆண்டு முழுக்க யாரும் வெந்நீரில் குளிப்பதில்லை. ஆனி, ஆடிச் சாரலில் வேண்டும், மார்கழிக் காலையில் வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் மட்டும் தினமும் வேண்டும். மற்ற வீடுகளில் கீசர் மாதக்கணக்கில் சும்மா தொங்குகிறது. ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் ட்ரிப் ஆகும், அல்லது அடியில் சொட்டும். உடனே வீட்டில் "பழசாயிட்டு, மாத்திருவோம்" என்று பேச்சு எழும். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களும் பையைத் திறக்காமலே அதற்குத் தலையாட்டுகிறார்கள். இன்று கைதேர்ந்த மெக்கானிக்காக இருப்பவர்களும் முதல் சில வருடம் அப்படித் தலையாட்டியவர்கள்தான்.

பிளக் சரியாக மாட்டாதது, வால்வைத் திறக்க மறந்தது எல்லாம் இங்கே வேண்டாம். காசைத் தின்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம். அதற்கு முன் ஒன்று: எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி), தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துவது), கட்-அவுட் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தை அறுப்பது), கேஸ்கெட் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), வால்வு, ஆனோடு (தொட்டி அரிக்காமல் காக்கும் கம்பி) எல்லாமே கழற்றி மாற்றக்கூடிய சாமான்கள். மாற்ற முடியாதது உள்தொட்டி மட்டும். ஆகவே கீசரை மாற்றுவதா என்ற கேள்வி, தொட்டி போய்விட்டதா என்ற கேள்விதான்.

வெளித் துருவைப் பார்த்து முடிவு கட்டுவது

குளச்சல், முட்டம், மணக்குடி போல கடற்காற்று அடிக்கும் ஊர்களில் கீசரின் தகர உறை சில வருடத்திலேயே அடிவிளிம்பில் பொரிந்துவிடும். அது சட்டை. சட்டைக்கும் தொட்டிக்கும் நடுவே சூடு வெளியே போகாமல் தடுக்கும் பஃப் நுரை இருக்கிறது. சட்டை கிழிந்தும் தொட்டி நன்றாக இருக்கலாம். கடலிலிருந்து தள்ளியிருக்கும் குலசேகரம் பக்கம் நேர்மாறாகவும் நடக்கும்: வெளியே பளபளப்பு, உள்ளே ஒன்றுமில்லை. கடலோர வீட்டுக்கு அடுத்த முறை வாங்கும்போது பிளாஸ்டிக் உறை போட்டதாகப் பாருங்கள், போதும்.

சொட்டு எங்கிருந்து வருகிறது என்று பாராமல் 'டேங்கு போச்சு' என்பது

இத்தனை வருடமாகியும் எரிச்சல் தீராத தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு லிட்டர் கூடும். தொட்டி இரும்பு, அது விரிந்து கொடுக்காது. கூடிய தண்ணீர் எங்காவது போயாக வேண்டும். பச்சைத் தண்ணீர் ஏறும் குழாயில் இருக்கும் சேஃப்டி வால்வில் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் அமைப்பும் உண்டு. பின்வழி அடைபட்டிருப்பதால், கூடிய தண்ணீர் அந்த வால்வின் சிறு மூக்கு வழியாகச் சொட்டுகிறது. சூடாகும்போது சொட்டி, ஆறியதும் நின்றால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

திங்கள்சந்தை பக்கம் ஒரு வீட்டில் நான்கு வருடக் கீசர். மாடித் தொட்டியிலிருந்து பிரஷர் பம்பு வைத்த வாரத்தில் சொட்ட ஆரம்பித்தது. வந்தவர் டேங்கு போச்சு என்றார். புதுக் கீசர் வந்தது, மறுநாள் காலை அதுவும் அதே இடத்தில் சொட்டியது. புதுசே சொட்டுகிறதே என்று வால்வின் மூக்கை எம்சீல் பசை வைத்து அடைத்தார்கள். மூன்றாம் மாதம் கேஸ்கெட் பிதுங்கி, குளியலறை முழுக்க வெந்நீர். நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. நடந்தது இவ்வளவுதான்: பழைய வால்வின் நான்-ரிட்டர்ன் தேய்ந்துபோய், விரிந்த தண்ணீர் சத்தமில்லாமல் மாடித் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பம்பு வந்ததும் அந்த வழி மூடிக்கொண்டது. மூக்கில் ஒரு சிறு ரப்பர் டியூப்பை மாட்டித் தரைத் துளைக்கு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

அடைப்பதில் உள்ள ஆபத்து கேஸ்கெட்டோடு நிற்பதில்லை. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டும். அப்போது தொட்டி வெடிக்காமல் காப்பாற்றும் கடைசி வழி அந்த மூக்குதான். அதை அடைக்கக் கூடாது. வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் இன்னொரு வால்வும் வைக்கக் கூடாது.

சரி, எங்கிருந்து சொட்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மின்பெட்டியில் கீசருக்கான எம்சிபி சுவிட்சை இறக்கி, பிளக்கையும் உருவிவிடுங்கள். ஆறியதும் அடிப்பாகம் முழுக்கத் துணியால் துடைத்து, செய்தித்தாள் துண்டுகளை இடம் இடமாக ஒட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள்.

வால்வு மூக்கில் மட்டும் ஈரம், ஆனால் ஆறிய பின்னும் நிற்கவில்லை என்றால், உள்ளே மணல் சிக்கியிருக்கும். நெம்புகோலை நாலைந்து முறை தூக்கிவிட்டால் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் வால்வை மட்டும் மாற்றுங்கள். ஹோஸ் திருகும் மரையில் ஈரம் என்றால் வாஷரை மாற்றினால் போதும்.

அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியின் நடுவிலிருந்து வந்தால் மூடியைக் கழற்றுங்கள். எலிமென்ட் பொருத்திய பிளேட்டின் போல்ட்டுகளைச் சுற்றி ஈரமும் வெள்ளை உப்பும் இருந்தால் கேஸ்கெட் இறுகிப்போயிருக்கிறது. தண்ணீரை வடித்து, உட்காரும் இடத்தைச் சுத்தமாகச் சுரண்டி, புதுக் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கமாக இறுக்கினால் பிளேட் சாய்ந்து மறுபடியும் கசியும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: நுரை குடித்த தண்ணீர் ஓரிரு நாள் வடிந்துகொண்டே இருக்கும். கேஸ்கெட் மாற்றிய அன்று மாலை சொட்டியதைப் பார்த்துவிட்டு 'அப்போ டேங்குதான்' என்று சொல்லிவிடாதீர்கள்.

பிளேட் காய்ந்திருக்க, சட்டை விளிம்பிலிருந்து செந்நிறத் தண்ணீர் வந்தால்தான் தொட்டியைச் சந்தேகப்பட வேண்டும். எலிமென்டை உருவி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உள்பூச்சான எனாமல் பெயர்ந்து, பழுப்புக் கொப்புளங்கள் தெரிந்தால் முடிந்தது. வெல்டிங் யோசனை வேண்டாம். சூட்டில் சுற்றியுள்ள எனாமலும் உரிந்துவிடும். அந்தக் கீசரைத் தயங்காமல் மாற்றுங்கள்.

ஆனோடு ராடு என்று ஒன்று இருப்பதே தெரியாதது

எனாமல் பூசிய இரும்புத் தொட்டிக்குள் விரல் கனத்தில் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டியை அரிக்க வரும் தண்ணீர் முதலில் அதைத் தின்னும். அது தீர்ந்தால் தொட்டியில் கைவைக்கும். முக்கடல் அணைத் தண்ணீர் மட்டும் ஓடும் நாகர்கோவில் வீட்டில் அது நின்று நிதானமாகத் தேயும். உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் சீக்கிரம் கரையும், அங்கே வருடம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். மெக்னீசியம் கரைந்து, நடுவிலுள்ள உள்கம்பி வெளியே தெரிந்தால் மாற்றுங்கள். பல மாடல்களில் இது எலிமென்ட் பிளேட்டிலேயே திருகப்பட்டிருக்கும். எதற்காகப் பிளேட்டைக் கழற்றினாலும் இதையும் பாருங்கள், கேஸ்கெட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். மூன்று வருடத்தில் தொட்டி ஓட்டை விழுந்த வீடுகளில் கழற்றிப் பார்த்தால் கம்பி இருந்த இடத்தில் ஒரு குச்சிதான் இருக்கும். தண்ணீரையும் கம்பியையும் கவனிக்காமல் அதே மாடலைத் திரும்ப வாங்கினால் இன்னொரு மூன்று வருடம்.

ட்ரிப் ஆனால் ஆயுள் முடிந்தது என்பது

முதலில் மல்டிமீட்டர். 2000 வாட் எலிமென்டின் இரு முனைகளுக்கு நடுவே சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. சரியாகக் காட்டியும் சூடாகவில்லை என்றால் கட்-அவுட்டின் சிறு பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். அது மறுபடி மறுபடி விழுந்தால் தெர்மோஸ்டாட்டில் கோளாறு.

ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறதா? 500 வோல்ட் மெக்கரால் (மின்காப்பை அளக்கும் கருவி) எலிமென்டின் முனைக்கும் அதன் உலோக உறைக்கும் நடுவே பாருங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் மின்சாரம் கசிகிறது. எலிமென்டுக்குள் அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கீசரில் இது சாதாரணம். உருவி, நல்ல வெயிலில் நாள் முழுக்கக் காயவைத்துத் திரும்ப மெக்கர் பிடியுங்கள். ஏறினால் மாட்டலாம், ஏறாவிட்டால் எலிமென்ட் மட்டும் மாற்றுங்கள். ஆர்சிசிபியைத் தாண்டி ஒயர் கொடுத்து ஓட்டுவது, எர்த்தைக் கழற்றுவது இரண்டும் உயிரோடு விளையாட்டு. மணவாளக்குறிச்சி போன்ற மணல் பூமியில் கோடையில் எர்த் குழி காய்ந்து வேலை செய்யாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பில் குறையும் என்று ஸ்டார் முத்திரையை நம்பி மாற்றுவது

25 லிட்டரை 27-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். 2000 வாட்டில் அரை மணி நேரம். எந்த ஸ்டாரும் இதைக் குறைக்காது. சூடாக்கிய தண்ணீர் சும்மா நிற்கும்போது விடும் சூட்டைத்தான் ஸ்டார் அளக்கிறது. குளிக்கப் போகும் முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டுக்கு அதற்காக மட்டும் புதுசு வாங்குவது வீண். நாள் முழுக்க ஆனில் கிடக்கும் லாட்ஜுக்குக் கணக்கு வேறு. சூடாக நேரம் கூடி, உள்ளே 'டுர்ர்' என்று சத்தம் கேட்டால் எலிமென்டில் உப்புப் படிந்திருக்கிறது. லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெதுவெதுப்பான நீரில், முனைகள் நனையாமல் சில மணி நேரம் ஊறவிடுங்கள். சுத்தியல் வேண்டாம்.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தொட்டி என்றால் துருப்பிடிக்காது என்று நம்புவது

உப்பில்லாத நல்ல தண்ணீரில் சரி. உப்புத் தண்ணீர் சூடாகும்போது வெல்டிங் ஓரத்தில் ஊசித் துளை போடும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றுவது

கூடாது.

எக்ஸ்சேஞ்சில் கண்ணை மூடிக் கொடுப்பது

கொதும்பும் சிரட்டையும் போட்டு எரித்த செம்பு பாய்லரைப் பரணில் ஏற்றிப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள்கூட, பழைய கீசரை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிடுகின்றன. பழைய மாடல்களில் சிலவற்றின் உள்தொட்டி செம்பு. வெளியே காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, சட்டை இரும்பு. எலிமென்ட் துளை வழியாக டார்ச் அடித்து, உள்ளே காந்தத்தை நூலில் கட்டி விடுங்கள். ஒட்டாமல், நிறமும் செம்பாக இருந்தால் பழைய இரும்புக் கடையில் கிலோ என்ன விலை என்று விசாரித்துவிட்டு எக்ஸ்சேஞ்ச் பேசுங்கள். செம்பில் சிறு கசிவு என்றால் பத்தவைத்தே ஓட்டலாம்.

நிரம்பும் முன் சுவிட்ச் போடுவது

பழசோ புதுசோ, ஹாட் குழாயைத் திறந்துவைத்து, காற்று வெடித்து வெடித்து வந்து அடங்கி, தண்ணீர் ஒரே சீராக விழும் வரை பொறுங்கள். பிறகு சுவிட்ச்.