போகிக்கு எதை எரிக்கலாம், எப்படி எரிக்கலாம்

எங்கள் வீடு பல்லாவரத்தில். 2018 போகியன்று விடியற்காலையில் வாசலில் நின்றால் எதிர்வீடு தெரியவில்லை. பனியும் புகையும் கலந்து சென்னையில் விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. அன்று வாசல் தீயில் நானும் ஒரு பழைய பாயைப் போட்டேன். கோரை என்று நினைத்தேன், அது பிளாஸ்டிக் பாய். எதிர்வீட்டுப் பையனுக்கு வீசிங் உண்டு. நெபுலைசர் வைக்க அவன் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஒரு வாரம் முன்பே பழையதைப் பிரித்து வையுங்கள். பாயோ துணியோ சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் கோரையும் சாம்பலாக உதிரும். பிளாஸ்டிக் இழையும் பாலியெஸ்டரும் உருகிச் சுருண்டு கடைசியில் கெட்டியான உருண்டையாக நிற்கும். அது தீக்குப் போகவே கூடாது. மெத்தை, டயர், ரெக்ஸின் எல்லாவற்றையும் தூய்மைப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, அவரிடம் கொடுத்துவிடலாம்.

தெருவில் குப்பை எரிப்பதை 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. அந்த டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் வைத்தது. ஆகவே போகித் தீ சாங்கியத்துக்குத்தான், வீட்டைக் காலி செய்ய அல்ல.

எங்களுக்கு இரண்டு வறட்டி, ஒரு கை வைக்கோல், தேய்ந்த ஈர்க்குத் துடைப்பம் ஒன்று போதும். துடைப்பத்தைக் கட்டியிருக்கும் நைலான் கயிற்றை அறுத்து எடுத்துவிடுங்கள், பலரும் இதைக் கவனிப்பதில்லை. காம்பவுண்டுக்குள், மேலே கம்பியோ கிளையோ இல்லாத இடத்தில், பைக்கையெல்லாம் தள்ளி நிறுத்திவிட்டுக் கொளுத்துங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம், கற்பூரம் போதும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக் கிடக்கும் நேரம் அது. புகை மேலே ஏறாது. எல்லாம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும்.

அப்புறம் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். வறட்டி உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சாம்பல் ஆறியதும் செடிக்குப் போட்டுவிட்டு, வாசல் கழுவிக் கோலம் போடலாம்.